எனக்கும் பத்து நாள்

ஆரியசாலைக் கடைத்தெருவில் இன்று காலை ஒரு மொத்தக் கடை வாசலில் கறுப்பு எள்ளைச் சாக்கில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மூட்டை மழையில் நனைந்துவிட்டதாம். எதிர்வீட்டு மாமிக்கு வெல்லம் வாங்கப் போயிருந்தேன். ஈர எள்ளின் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. எண்ணெயும் மண்ணும் கலந்த வாசனை. பின்னால் சுமையோடு வந்தவர் "சைடு, சைடு" என்று கத்தினார். நகர்ந்தேன். வெல்லம் வாங்காமலேயே வீடு திரும்பினேன்.

உன் பத்தாம் நாளன்று கீழ்வீடு முழுக்க இந்த வாசனைதான். உன் அண்ணா எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். நான் மாடியில் இருந்தேன். நடுவில் பதினெட்டுப் படிகள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

உன் சாவுக்கு எனக்குத் தீட்டு உண்டா, இல்லையா? போன வருஷம் அந்தப் பத்து நாளும் எனக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். உனக்குச் சிரிப்பு வரும். தீட்டு என்ற ஏற்பாட்டுக்கு எதிராக ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியவன் நான். அதை உனக்குப் படித்துக் காட்டியும் இருக்கிறேன். பிறகு அந்தத் தீட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டு நின்றேன்.

வேறு எதைக் கேட்டிருக்க முடியும்? நம் தெருவில் ஒருவர் இறந்தால், அவருக்கு நீ யார் என்பதை நாள்களில்தான் சொல்கிறார்கள். மிக நெருங்கியவர்களுக்குப் பத்து நாள். அவர்கள் கோயிலுக்குப் போக மாட்டார்கள், பிரசாதம் வாங்க மாட்டார்கள். மற்றவர்கள் அவர்களைத் தொட மாட்டார்கள். உறவு தள்ளத் தள்ள மூன்று நாள், ஒன்றரை நாள். நண்பன் என்றால் ஒரு குளியல். தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

ஏழு வருஷத்துக்கு ஒரு குளியல்.

வஞ்சியூர் கோர்ட் கேன்டீனில்தான் உன்னை முதலில் பார்த்தேன். லாட்ஜ்களில் பிடிபடும் பெண்களின் வழக்குகளை நீ எடுப்பாய். மற்ற வக்கீல்கள் உனக்கு 'லாட்ஜ் வக்கீல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு ஆய்வுக்கு வழக்குகள் வேண்டும். உனக்கு அந்த வாரம் வேறொன்று வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம ஒழிவா?" என்றாய்.

"ஒழிவுதான். எதுக்கு?"

"டேப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

செல்வியின் வழக்கு அது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்தவள். கட்டட வேலை நின்ற ஒரு மழைக்காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தாள். பழவங்காடி பக்கம் ஒரு லாட்ஜில் போலீஸ் பிடித்திருந்தது. உடம்பை விற்பதே குற்றம் என்று நம் சட்டம் சொல்லவில்லை. அதைச் சுற்றி இருக்கிற ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. அதில் ஒன்று, வழிபாட்டு இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் நடந்தால் குற்றம் என்பது. குற்றப்பத்திரிகையில் 'சுமார் இருநூறு மீட்டருக்குள்' என்று எழுதியிருந்தார்கள்.

"சுமார்னா என்ன அர்த்தம்? சாமிகிட்டப் போய் சுமார்னு சொல்ல முடியுமா?" என்றாய்.

ஞாயிறு காலை நீ டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக் கணபதி கோயில் வாசலில் நின்றாய். மறுமுனை என்னிடம். எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே அரை மணி நேரம் போனது. சன்னிதியிலிருந்தா, மதில் சுவரிலிருந்தா, தேங்காய் உடைக்கிற இடத்திலிருந்தா? தேங்காய்ச் சில்லுகளில் டேப் வழுக்கியது. ஒவ்வொரு நீளத்துக்கும் நான் சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டேன். அப்போதுதான் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"எந்தா சாரே, ரோடு வீதி கூட்டுந்தோ?" என்றார் பூக்கடைக்காரர்.

ரோட்டை அகலப்படுத்த அளக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பாத்திரக்கடை அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உள்ளதச் சொல்லும். எங்க கடையில எத்தன அடி போவும்?"

"ஒரு அடியும் போகாது அண்ணாச்சி. இது வேற அளவு," என்றாய் நீ.

"எந்த டிபார்ட்மெண்டு?"

"தேவஸ்வமும் போலீஸும் சேர்ந்து."

அவர் முகம் இன்னும் வெளுத்தது. நம்மைக் குளிர்விக்க இரண்டு சாயாவும் பழம்பொரியும் வந்தன. நீ கூச்சமில்லாமல் சாப்பிட்டாய்.

நேர்கோட்டில் அளந்தால் இருநூறுக்குள். தெரு வழியாக நடந்து அளந்தால் வெளியே. "பக்தர்கள் பறந்து வருவதில்லை" என்று கோர்ட்டில் வாதாடினாய். நீதிபதி பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். போலீஸ் அளக்கவே இல்லை என்பது வெளிவந்து வழக்கு விழுந்தது. வராந்தாவில் நீ போட்ட வரைபடத்தை செல்வி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாமிக்க கண்ணு இருநூறு மீட்டருதான் எட்டுமா சாறே? அப்பம் அதுக்கு அங்கோட்டு நான் எந்து செய்தாலும் அவருக்குத் தெரியாதுல்லா?"

அன்று மாலை பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்தாய். உன் கட்சிக்காரர் யார் விடுதலையானாலும் ஒரு தேங்காய். அது உன் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டையில் தேங்காய்த் தண்ணீர் தெறித்தது. அந்தச் சட்டையோடுதான் ஸ்ரீவராகத்தில் உன் வீட்டு மாடிக்கு முதல் முறையாக வந்தேன்.

பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். தெருவுக்கு நான் மாடியில் குடியிருப்பவன். திருநெல்வேலிப் பையன், காலேஜில் ஏதோ படிக்கிறான். மாடியில் அடுப்பே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் கீழே சமைத்தாய். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் இந்தத் தெருவுக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஓர் இரவு உன்னிடம் கேட்டேன். "வராகமூர்த்தி கோயில்லேருந்து நம்ம கட்டில் எத்தனை மீட்டர் இருக்கும்?"

"அளக்காதே. இத்தனை நாளா அவர் ஒண்ணும் சொல்லலை."

நீ நம்புகிறவன். விடியற்காலையில் குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருவாய். எனக்கு அது கோபமாக வரும். நம்மைப் பாவம் என்று சொல்கிறவர்கள் அதே கோயில் நடையில்தான் நின்று கும்பிடுகிறார்கள், அவர்களோடு எப்படி நிற்கிறாய் என்று கேட்பேன். "அவா பக்கத்துல நிக்கறா. நான் அவரைன்னா பாத்துண்டு நிக்கறேன்" என்பாய். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை.

நாம் குற்றவாளிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாளில் கோர்ட்டிலிருந்து நேராகப் பழவங்காடிக்குப் போனாய். இரண்டு தேங்காய் வாங்கினாய். "கட்சிக்காராளுக்கெல்லாம் உடைக்கறேன். எனக்கு ஒண்ணு உடைக்கப்படாதா?" என்று கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. இரண்டாவது தேங்காயை என் கையில் கொடுத்தாய். நான் உடைத்தேன். நம்பாதவனின் தேங்காயும் அதே மாதிரிதான் உடைந்தது.

சில வருஷம் கழித்து வேறொரு தீர்ப்பு. நம்மைப் போன்றவர்கள் கல்யாணம் செய்துகொள்ள இப்போதுள்ள சட்டத்தில் வழியில்லை, அதை உண்டாக்குவது நீதிமன்றத்தின் வேலையில்லை என்றது அது. அடுக்களையில் நின்றபடி போனில் முழுவதையும் படித்தாய். பக்கங்கள் அதிகம். ரசம் பொங்கி வழிந்தது. படித்து முடித்துவிட்டு அடுப்பைத் துடைத்தாய்.

"செரி. இனிமே யாராவது கேட்டா கசின்னு சொல்லிடு. கசினுக்கு ஒரு சட்டமும் தேவையில்லை."

சிரித்தோம். சாப்பிட்டோம்.

போன ஆனி மாதம் அதைத்தான் ஆஸ்பத்திரியில் சொன்னேன். எலிக்காய்ச்சல். மழையில் கோர்ட் வளாகத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்திருந்தாய், காலில் செருப்புக் கடித்த புண் இருந்தது. ஐந்து நாள். "ஆரா?" என்று கேட்ட நர்ஸிடம் கசின் என்றேன். எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களிலெல்லாம் போட்டேன். கடைசி இரவில் உனக்குத் தண்ணீர் தொட்டு வைத்தேன். உதட்டை நனைக்கிற அளவுக்குத்தான் விட்டார்கள்.

விடிந்ததும் பெங்களூரிலிருந்து உன் அண்ணா வந்தார். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க குடும்பத்துல இப்படி ஒரு கசின் இல்லையே," என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குத் தப்பியதைச் சொல்கிற குரல். தாளில் என் கையெழுத்து இருந்த இடங்களிலெல்லாம் கீழே அவருடைய கையெழுத்தை வாங்கினார்கள்.

அதன் பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கரமனையிலிருந்து வந்த சாஸ்திரிகள் யார் யாருக்கு எத்தனை நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாவுக்குப் பத்து. சித்தப்பா பிள்ளைகளுக்குப் பத்து. அவர்கள் உன்னைப் பார்த்தே பதினைந்து வருஷம் இருக்கும். அத்தை பிள்ளைக்கு ஒன்றரை. நானும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் நின்றேன்.

"எனக்கு?" என்றேன்.

"நீ யாரு?"

உன் அண்ணா முந்திக்கொண்டார். "மாடில குடியிருக்கார். தம்பியோட ஃப்ரெண்ட். நெறைய ஹெல்ப் பண்ணியிருக்கார்."

"அப்போ ஸ்நானம். குளிச்சாப் போறும்."

"எனக்குப் பத்து நாள் வேணும்."

சாஸ்திரிகள் என் வெறும் மார்பைப் பார்த்தார். கல்லூரி முதல் வருஷத்தில் நான் கழற்றி வைத்த பூணூல் அங்கே இல்லை.

"அது வேண்டாம்னு கழட்டிப் போட்டுட்டே. தீட்டு மட்டும் எதுக்குடா கேக்கறே?"

யாரோ சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார். "தீட்டு ரத்தத்தால வரும். இல்லேன்னா விவாகத்தால வரும். மூணாவது வழி சாஸ்திரத்துல இல்லை. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

நீ அடுக்களையில் நின்று படித்த தீர்ப்பும் இந்த மாதிரித்தான் பேசியது. அதே கனிவு, அதே கைவிரிப்பு.

வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவில் செல்வியும் இன்னும் மூன்று பெண்களும் நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஒரு முழம் பூ. வீட்டுக்குள் அவர்களை யாரும் அழைக்கவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"நீங்க எந்துக்குத் தம்பி இஞ்ச வந்து நிக்கிய? உள்ள போங்க."

"எனக்கு அங்க இடம் இல்லக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு படி ஏறாமல், தெருவில் நின்றபடியே கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சாறே! வக்கீல் சாறுக்க அண்ணாச்சி சாறே! அஞ்சு நாளும் ஆஸ்பத்திரியில கெடந்தது இந்தத் தம்பியாக்கும். வாயில தண்ணி விட்டதும் இவருதான். இவரு வாய்க்கரிசி போடண்டாமா?"

நாலைந்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. உன் அண்ணாவின் முகம் சிவந்தது. செல்வி மறுபடியும் வாயைத் திறந்துவிடுவாளோ என்ற பயத்தில் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மூன்று முறை அரிசி போட்டேன். அந்த அரிசிக்கு நான் கடன்பட்டிருப்பது சாஸ்திரத்துக்கும் சட்டத்துக்கும் இல்லை.

அதோடு முடிந்தது. மாலையில் குளித்தேன். சாஸ்திரிகள் கணக்கில் நான் சுத்தமாகிவிட்டேன். உன் சாவு என்னைவிட்டுப் போய்விட்டதாம்.

மறுநாள் எதிர்வீட்டு மாமி மாறினாள்.

மாமி எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் வராகமூர்த்தி கோயில் பாயசத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து என் கையில் வைத்து, "சூடு, பாத்து" என்பாள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அதே மாமி இரண்டாம் நாள் என்னைத் தெருவில் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தாள். மூன்றாம் நாளும் அப்படித்தான். மதியம் மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு தூக்கில் ரசம் சாதம் இருந்தது. அதை வைத்துவிட்டு நான் இறங்குவதற்குள் அவள் தெருவைத் தாண்டியிருந்தாள். நாய்க்கு வைப்பதுபோல என்று நினைத்தேன். சாதத்தைத் தொடாமல் திருப்பி வைத்தேன். மறுநாளும் வந்தது. சனிக்கிழமை பாயசம் வரவில்லை. நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ இருந்தவரை நான் வக்கீல் வீட்டுப் பையன். நீ போனதும் நான் அதுவாக மட்டும் ஆகிவிட்டேன். அந்தச் சொல்லை யாரும் சொல்ல வேண்டியதில்லை, முந்தானை சொல்லும். இதைப் பற்றி நான் நூறு பக்கம் படித்திருக்கிறேன். எனக்கா தெரியாது?

எட்டாம் நாள் காலை துணிகளைப் பையில் அடைத்தேன். காரியவட்டத்தில் நண்பன் ஒருவன் அறையில் இடம் சொல்லியிருந்தான். இனி ஸ்ரீவராகத்துக்குள் கால் வைப்பதில்லை. கிளம்பும் முன் ஒரே ஒரு ஆளிடமாவது முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். பையோடு தெருவைக் கடந்தேன். மாமி கோலம் முடித்து நிமிர்ந்தாள்.

"மாமி, என்னைப் பாத்தா எதுக்கு ஒதுங்கறேள்?"

"அங்கயே நில்லு! நில்லுங்கறேன்! குளிச்சாச்சு எனக்கு. கோயிலுக்குப் போகணும்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீ என்ன பண்ணினே? ஒண்ணும் பண்ணலை. எட்டு நாள்தானே ஆறது? இன்னும் ரெண்டு நாள் இருக்கோல்லியோ?"

"எதுக்கு ரெண்டு நாள்?"

மாமி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எந்தாடா கொழந்தே, படிச்சவன்தானே நீ? தீட்டுக்காரன் கையில பிரசாதம் தருவாளா யாராவது?"

"எனக்குத் தீட்டு இல்லைன்னு சாஸ்திரிகள் சொல்லிட்டாரே," என்றேன்.

"அவருக்கென்ன தெரியும்? ஸ்கூட்டர்ல வரார், சொல்றார், போறார். இந்த ஜன்னல்லேருந்து ஏழு வருஷமா பாக்கறவ நான். ஒரே அடுக்களை, ஒரே பானைச் சோறு. ஒருத்தன் போனா இன்னொருத்தனுக்குத் தீட்டு இல்லாம எங்கே போகும்?" பிறகுதான் பையைப் பார்த்தாள். "இதென்ன மூட்டை? பத்து நாள் முடியறவரைக்கும் வெளில எங்கயும் தங்கப்படாது. மேல போ. அந்த ரசம் சாதத்தையாவது தின்னு. அஞ்சு நாளா அப்படியே திரும்பி வரது."

மேலே போனேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ செத்த பிறகு முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதது அங்கேதான். கீழே கூடத்தில் உன் பங்காளிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பத்தாம் நாள் எள் வாசனை மாடிக்கு ஏறி வந்தபோது வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் நினைவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.

பதினோராம் நாள் காலை மாமி படியேறி வந்தாள். "குளிச்சாச்சா?"

"ஆச்சு."

பாயசக் கிண்ணத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரல்கள் என்மேல் பட்டன. அவற்றை அவள் உடனே எடுத்துவிடவில்லை.

இங்கே நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். நீ நிறுத்த விடமாட்டாய். கட்சிக்காரருக்குச் சாதகமில்லாத தாளைத்தான் முதலில் எடுத்துப் படிப்பவன் நீ.

ஆகவே இதையும் எழுதுகிறேன். உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, செல்வியும் மற்றவர்களும் நின்றிருந்த இடத்தில் ஒருத்தி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து விசிறினாள். அதே மாமி. அதே கை. நான் பார்த்தேன். பிறகு ஒரு நாள் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதே," என்றாள். நான் முடிச்சுப் போடத்தான் செய்தேன். அன்று நாங்கள் போட்ட சண்டை, அவளுக்கு நான் வாங்கி வரும் வெல்லக்கட்டி, வாழையிலை எல்லாவற்றையும் தொட்டு, இரண்டு வாரம் பேச்சில்லாமல் இழுத்தது.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் கிடைத்ததை, தண்ணீர் விசிறியதை. கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். அவள் முதலில் எனக்காகச் சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே. பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்குப் பத்து நாளுல தீந்து போச்சு தம்பி. நமக்குத் தேதி போடல்ல பாத்தியளா."

அவளுடைய புது வழக்குக்கு யாரை வக்கீலாகப் பிடிப்பது என்று கேட்டாள். உன் ஜூனியராக வர ஆசைப்பட்டு ஒரு பெண் இரண்டு முறை வந்தாளே, நினைவிருக்கிறதா? அவளிடம் அழைத்துப் போனேன். இப்போது அவள்தான் பார்க்கிறாள். அவளும் தேங்காய் உடைக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

இதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆய்வேட்டின் அத்தியாயத்தை நான் நீக்கவில்லை. அதில் எழுதியது எல்லாம் சரிதான். அந்தத் தண்ணீர் வாளியே சாட்சி. ஆனால் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் தள்ளிவைப்பதாக நினைத்து, தன்னை ஏற்றுக்கொண்ட ஒரே ஆளிடம் மூட்டையோடு சண்டைக்குப் போன ஒரு படித்தவனைப் பற்றி. என் வழிகாட்டி அதை அடிக்குறிப்பாக வைக்கச் சொல்கிறார். மாட்டேன் என்றிருக்கிறேன்.

வீடு இப்போது அண்ணாவுடையது. உயில் எழுதலாம் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாய். அண்ணா என்னை வெளியேற்றவில்லை. முத்திரைத்தாளில் முறையான வாடகை ஒப்பந்தம் போட்டார். உனக்கும் எனக்கும் இடையில் இந்த வீட்டைப் பற்றி ஒரு தாள்கூட இருந்ததில்லை. கீழ் அடுக்களையைப் புழங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. அதை அவராகவே சேர்த்திருந்தார்.

போன வாரம் மாமி காலண்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வருஷம் திரும்புகிறது. இங்கிலீஷ் தேதியை வைத்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "திதின்னா பாக்கணும். ஆனி, தேய்பிறை துவாதசி. வியாழக்கிழமை வரது. அண்ணா அங்க பெங்களூர்ல பண்ணுவான், அது அவன் பாடு. நீ இங்க அன்னிக்கு வெளில சாப்பிடாதே. வெங்காயம் சேக்காதே. யாரோடயும் சண்டைக்குப் போகாதே."

ஆய்வோடு இப்போது ஒரு கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். வியாழக்கிழமை எனக்கு இரண்டு வகுப்பு. கல்லூரி அலுவலகத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் சிராத்தம்' என்று எழுதியிருந்தேன். வாங்கிப் பார்த்த கிளார்க் அம்மா அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர்.

"அச்சன்றெயாணோ சாரே?" அப்பாவுடையதா என்று கேட்டார்.

"அல்ல. என்றெ ஆளுடெயா."

சொல்லிவிட்டேன். கசின் இல்லை, ஃப்ரெண்ட் இல்லை. என் ஆள். அந்த மலையாளத்தை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"ஒரு திவசம் மதியோ?" என்றார். ஒரு நாள் போதுமா என்று.

போதும் என்றேன்.

இதெல்லாம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் நம்பாத ஒரு நாள். நான் ஒப்புக்கொள்ளாத சில விதிகள். அவற்றைக் கடைப்பிடிக்கச் சொல்லி என்னை அதட்ட ஒரு ஆள். உரிமை என்று கேட்டு நின்றவனுக்குத் தெரு ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. செய்யப் போகிறேன். நன்றாகவே செய்யப் போகிறேன்.

வியாழக்கிழமை மெனு மாமி சொன்னதுதான். வாழைக்காய், சேனை, பயத்தம்பருப்பு, தயிர். கூடவே பாகற்காய். பாகற்காய் உனக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். மாமி கேட்கவில்லை. "உசுரோட இருக்கச்சே ஒதுக்கி வெச்சான். இப்போ ஒதுக்க முடியாது," என்றாள்.

வருவாய் என்று நான் நம்பவில்லை. ஆனால் உன் தட்டில் பாகற்காய் இருக்கும். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடு.